அக்காவின் கை

லிஃப்ட்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். லிஃப்ட் நின்றுபோனால் வருகிறவர் அவர்தான். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே கதவைத் தட்டிக் கத்திக்கொண்டிருக்கும்போது இவர் வெளியே நின்று, கயிறு கெட்டியாக இருக்கிறது, ஒன்றும் ஆகாது, மூச்சை மட்டும் ஒழுங்காக விடுங்கள் என்று நிதானமாகச் சொல்லுவார். அந்தக் குரலைக் கேட்டதும் பாதிப் பேருக்குப் பயம் போய்விடும். கோளாறு என்று ஒன்று இருந்தால் அது எங்கேயோ ஓர் இடத்தில் இருந்தே தீரும், தேடினால் கிடைத்தே தீரும் என்பது அவர் கட்சி. புதுக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் தானாக மேலும் கீழும் போகிறது, ஏதோ இருக்கிறது என்று வாடகைக்கு வந்தவர்கள் கிலி பிடித்துக் கிடந்தபோது, "ஆவிக்கு எதுக்குங்க லிஃப்ட்? ஒயர் பிஞ்சிருக்கும்" என்று சொல்லி, பிய்ந்த ஒயரைக் கையில் எடுத்துக் காட்டிவிட்டு வந்த மனிதர் அவர். அப்பேர்ப்பட்டவர் வீட்டில்தான் செத்துப்போன ஒருத்தியின் கை வந்து படுத்துக்கொண்டது.

அவர் மனைவி திரைச்சீலை தைக்கிறவள். தைப்பது என்றால் தனியாக இல்லை, அவளும் அவள் அக்காவுமாக. கடை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு நீள மேசை. அதில் அக்கா எப்போதும் இடது பக்கம், தங்கை எப்போதும் வலது பக்கம். அக்கா இடது கைக்காரி. இடம் மாறி உட்கார்ந்தால் அவள் கத்தரிக்கோல் பிடித்த முழங்கையும் இவள் முழங்கையும் ஓயாமல் இடித்துக்கொள்ளும். சின்ன வயதிலேயே தாயை இழந்த பிள்ளைகள். அக்காதான் தங்கைக்குத் தலை பின்னிவிட்டது, தொழில் கற்றுக்கொடுத்தது, மாப்பிள்ளை பார்த்தது எல்லாம். தனக்கு மட்டும் பார்த்துக்கொள்ளவில்லை. கேட்டால், "இவளைக் கட்டி மேய்க்கறதே பெரும்பாடு" என்பாள். தங்கை கல்யாணத்துக்குப் பிறகும் மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். லிஃப்ட்காரர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதெல்லாம், "மேல போன மாப்பிள்ளை கீழ வந்தாச்சா?" என்று கேட்பாள். அவரும் சளைக்காமல் தினமும் அதற்குச் சிரிப்பார். அவரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார். அவ்வளவு வருஷத்தில் அவள் கைவிரல்கூட அவர்மேல் பட்டதில்லை. மரியாதை அப்படி.

அந்த அக்கா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கடையிலேயே போய்விட்டாள். ஒரு மத்தியான வேளையில் மேசையில் விரித்த துணிமேல் தலையைச் சாய்த்தவள் சாய்த்தபடியே போனாள். அசதியில் கண்ணயர்ந்துவிட்டாள் என்று நினைத்துத் தங்கை மெஷினைச் சத்தமில்லாமல் மெதுவாக ஓட்டி ஒரு திரைச்சீலையை முடித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் எழுப்பினாள்.

அப்புறம் இவளுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையில் வலது பக்கம் ரத்தக் குழாய் அடைத்து இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பேச்சு நன்றாக இருந்தது. புத்தி தெளிவாக இருந்தது. யார் யார் என்ன உறவு, கடைச் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது எல்லாம் சரியாகச் சொன்னாள். லிஃப்ட்காரருக்கு நிம்மதி. வீட்டுக்கு அழைத்து வந்து கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, அலுப்பாக இருக்கிறதே என்று அவளுக்கு இடது பக்கமாகத் தானும் சாயப் போனார்.

"அங்க எங்க படுக்கறீங்க? அக்கா படுத்திருக்கால்ல" என்றாள் அவள்.

அவர் எழுந்து நின்றுவிட்டார். அவள் வலது கையால் தன் இடது கையைத் தடவிக் காட்டினாள். இதுதான் அக்கா கை என்றாள். என் மேல போட்டுக்கிட்டுத் தூங்குறா, கனமா இருக்கு, எழுப்பத்தான் மனசு வரல என்றாள். குரலில் பயமே இல்லை. அதுதான் அவரை உலுக்கியது.

கோளாறு என்றால் கண்டுபிடிக்க வேண்டியதுதானே. அவர் அவளுடைய தோளில் விரலை வைத்து, தோள், புஜம், முழங்கை, மணிக்கட்டு, விரல் என்று ஒரு லைனைப் பிடித்துக்கொண்டு போகிற மாதிரி கீழே வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்து காட்டினார். எங்கேயாவது அறுந்திருக்கிறதா பார், எல்லாம் உன்னோடதுதானே என்றார். அவள் பொறுமையாகப் பார்த்தாள். தோள் வரைக்கும் தன்னுடையது, அதற்குக் கீழே அக்காவுடையது என்றாள்.

"அக்கா செத்துப்போயிட்டாங்கம்மா."

"தெரியுமே. நான்தானே பக்கத்துல இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? வந்திருக்கா."

அதற்கு மேல் என்ன கேட்பது? கேட்டால் அவளிடம் பதிலும் இருந்தது. என் கையா இருந்தா மோதிரம் எங்க என்று கேட்டாள். கை வீங்கிப்போய் ஆஸ்பத்திரியில் மோதிரத்தைக் கழற்றி ஒரு கவரில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். எடுத்து வந்து காட்டினார். "இது என் மோதிரம், இது அக்கா கை. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்றுவிட்டாள். மோதிரம் இல்லாமல், வீங்கி, கொஞ்சம் பருத்துக் கிடந்த அந்தக் கையைப் பார்க்கப் பார்க்க, உண்மையைச் சொன்னால், அது அக்கா கை மாதிரித்தான் இருந்தது.

அன்றிலிருந்து அவர் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டார்.

கையைக் கழுவ வேண்டும், நகம் வெட்ட வேண்டும். தொட்டால் அவள் சீறினாள். கட்டின பொண்டாட்டி முன்னாலேயே அவ அக்கா கையைப் பிடிக்கிறீங்களே, கூச்சமா இல்லையா என்று கேட்டாள். சரி, நோயாளியிடம் வழக்காடி என்ன ஆகப்போகிறது என்று அவர் ஒரு தந்திரம் செய்தார். ஈரத் துணியோடு கட்டிலருகே போய், "அக்கா, கையைக் கொஞ்சம் குடுங்க" என்று கேட்டார். உடனே அவள் முகம் மலர்ந்து, "குடுக்கா, அவர் ஒண்ணும் பண்ண மாட்டார்" என்று வலது கையால் அதைத் தூக்கி நீட்டினாள். காரியம் ஆயிற்று. மறுநாளும் அப்படியே கேட்டார். அடுத்த நாளும் கேட்டார். வாயில் பழகிப்போன மரியாதை மனசுக்குள் இறங்க எத்தனை நேரம் ஆகும்? கொஞ்ச நாளில் அந்தக் கைமேல் போர்வை விலகிக் கிடந்தால் சங்கடப்பட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டார். டீ போடும்போது மூன்றாவது டம்ளரை எடுத்துவிட்டு, எடுத்ததை உள்ளே வைக்கவும் மனசில்லாமல் நின்றார். ஒயரைத் தூக்கிக் காட்டிய மனிதர்தான் அவர். என்ன சொல்ல?

மத்தியானங்களில் அவள் அந்தக் கையோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பாள். சிரிப்பாள். நடுநடுவே பதில் கேட்கிறவள்போல நிறுத்துவாள். சமையலறையில் நிற்கிற இவரும் அந்த இடைவெளியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். ஒன்றும் கேட்காது. கேட்டுவிடுமோ என்றுதான் பயம்.

ஒரு நாள் சூடான டீ கவிழ்ந்து அந்தக் கையில் கொட்டியது. தோல் வெந்து கொப்பளித்தது. அவளுக்கு உறைக்கவே இல்லை. "பாவம், அக்காவுக்குச் சுட்டிருக்கும்" என்றாள். இன்னொரு நாள், எழுந்திருக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று கையைத் தூக்கிக் கட்டிலுக்கு வெளியே போட்டிருக்கிறாள். கையோடு சேர்ந்து அவளும் தரையில் விழுந்து கிடந்தாள். அன்றைக்குத்தான் அவர் மனசில் அந்த எண்ணம் வந்தது. கையில் ஆரம்பித்திருக்கிறது, இப்படியே விட்டால் அந்தப் பக்கம் இவளையே முழுசாக இழுத்துக்கொண்டுவிடும். இவளை எனக்குத் திருப்பிக் கொடுக்கிற ஒரு டாக்டரை எப்படியாவது கண்டுபிடித்தாக வேண்டும்.

நரம்பு டாக்டரிடம் போனார். டாக்டர் மூளையை எடுத்த ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், படம் பேசாததால் அவருக்கு அது சௌகரியமாக இருந்தது. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவில்லை. இதெல்லாம் போகப்போகச் சரியாகிவிடும் என்றார். உடற்பயிற்சி கொடுக்க ஒருவர் வீட்டுக்கு வந்தார். இளைஞர், நல்ல பலசாலி. வந்த வேகத்தில் கையைப் பிடித்து மேலே இழுத்தார். எங்கக்கா கையை எதுக்குடா பிடிச்சு இழுக்கிறே என்று இவள் போட்ட சத்தத்தில் பையைக்கூடச் சரியாக மூடாமல் ஓடினார். இழுத்த இழுப்பில் தோள் வேறு தொங்கிப்போயிற்று. மனநல டாக்டர் கனிவாகப் பேசி மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டால் அவள் நாள் முழுக்கத் தூங்கினாள், தூக்கத்திலும் அந்தக் கையை அணைத்தபடி சிரித்தாள். திரும்பப் போய்ச் சொன்னதும் அவரே மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

கீழ் வீட்டு அம்மாள் ஒருத்தி இருந்தாள். யாரும் கேட்காமலே கருத்துச் சொல்லுகிறவள். "கல்யாணம் காட்சின்னு ஒண்ணையும் பாக்காம போனவ. தங்கச்சியைப் பிடிச்சுக்கிட்டா" என்றாள். லிஃப்ட்காரருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டார். கேட்டாரே தவிர, அன்றைக்கு வேலைக்குப் போன இடத்தில், லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று இருட்டில் கயிற்றைத் தடவிப் பார்க்கும்போது இடது பக்கம் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. ஜன்மத்தில் முதல் தடவையாக வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இறங்கினார்.

தீக்காயத்துக்குக் களிம்பு வாங்கப் போனபோது மருந்துக் கடைக்காரம்மாதான் அந்த வார்த்தையைச் சொன்னாள். இந்த மாதிரி கை கால் விழுந்தவர்களுக்கென்றே தனியாக மறுவாழ்வு டாக்டர் என்று ஒருத்தர் இருப்பார், அவரைப் பார்க்கவில்லையா என்று கேட்டாள். எங்கே இருப்பார் என்பது அவளுக்கும் தெரியவில்லை. லிஃப்ட்காரர் விசாரித்தார். மறுவாழ்வா என்று கேட்ட மாத்திரத்தில் எல்லோரும் ஒரே இடத்தைக் கை காட்டினார்கள். சிலர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நல்ல முடிவு என்று தட்டிக்கொடுத்தார்கள். அது ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போது அந்தச் சொல் அவரைப் படுத்தியது. மறு வாழ்வு. இன்னொரு தரம் வாழ்வது. இந்த வீட்டில் இன்னொரு தரம் வாழ்ந்துகொண்டிருப்பது யார்? இவளா, அவளா? டாக்டர் யாருக்கு மறுவாழ்வு கொடுப்பார்?

போய்ச் சேர்ந்த இடம் சுத்தமாக இருந்தது. வாசலில் பூந்தொட்டிகள். உள்ளே ஓர் ஆலோசகர், வெள்ளைச் சட்டை, சாந்தமான முகம். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"எத்தனை வருஷமா இருக்கு?" என்று கேட்டார்.

"வருஷமெல்லாம் இல்லைங்க, இப்பதான். எனக்கில்லை, என் மனைவிக்கு."

ஆலோசகர் புன்னகை செய்தார். இங்கே வருகிற எல்லோரும் முதலில் இன்னொருத்தருக்கு என்றுதான் சொல்லுவார்கள், கூச்சப்படாமல் பேசுங்கள் என்றார். லிஃப்ட்காரர், நிஜமாகவே மனைவிக்குத்தான், செத்துப்போன அக்கா பக்கத்தில் படுத்திருப்பதாகச் சொல்லுகிறாள் என்றார். திடீரென்று நிறுத்தினால் அப்படியெல்லாம் தெரியும் என்றார் ஆலோசகர். எதை நிறுத்தினால்? குடியைத்தான். லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் சுவரில் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. போதை மறுவாழ்வு மையம்.

நம் மொழியில் அந்தச் சொல்லின் தலையெழுத்து அப்படி. குடியை விட்டவனுக்கு மறுவாழ்வு, ஜெயிலிலிருந்து வந்தவனுக்கு மறுவாழ்வு, வெள்ளத்தில் வீடு போனவனுக்கு மறுவாழ்வு. விழுந்துபோன கைக்கும் காலுக்கும் மறுவாழ்வு கொடுக்க ஒரு வைத்தியம் இருக்கிறது, அதற்குப் படித்த டாக்டர் இருக்கிறார் என்று யாராவது நமக்குச் சொன்னார்களா? வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்தறியாத மனிதர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஆலோசகர் முதலில் அதையும் திருந்துகிறவன் அழுகை என்றே நினைத்தார். பிறகு முழுக் கதையையும் கேட்டார். கேட்டு முடித்ததும், பாவம், அவருக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியின் பின்புறம், செயற்கைக் கால் செய்கிற பட்டறையை ஒட்டி அந்தப் பிரிவு இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னார். இதே ஆஸ்பத்திரியிலிருந்துதான் அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். முன்வாசல் வழியாக அனுப்பியவர்கள் பின்வாசலைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுவாழ்வு டாக்டர் ஒரு பெண்மணி. நடுவயது, காலில் கான்வாஸ் ஷூ, சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்தபடியே அறை முழுக்க உருண்டுகொண்டிருந்தார். சுவரோரம் வரிசையாகச் செயற்கைக் கால்கள் ஆளில்லாமல் நின்றன. லிஃப்ட்காரர் படங்களை நீட்டினார். இருக்கட்டும், முதலில் அம்மாவைப் பார்க்கிறேன் என்றார் டாக்டர். அதைக் கேட்டதுமே அவருக்குப் பாதி உயிர் வந்தது.

டாக்டர் அவளுக்கு இடது பக்கமாக உருண்டு போய் வணக்கம் சொன்னார். அவள் திரும்பவில்லை. காது கேட்டும், குரல் வலது பக்கத்திலிருந்து வந்ததுபோல அங்கே தேடினாள். டாக்டர் வலது பக்கம் வந்ததும் முகத்தைப் பார்த்துப் பேசினாள். இந்தக் கை யாருடையது என்று கேட்டார். அக்காவுடையது என்றாள். டாக்டர் மறுக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. அக்கா என்ன வேலை பார்த்தார், எந்தப் பக்கம் உட்காருவார் என்று கேட்டுக்கொண்டே தோளை அழுத்திப் பார்த்தார், காயத்தைப் பார்த்தார், விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கினார். அப்புறம் ஆளுயரக் கண்ணாடி ஒன்றை எதிரே உருட்டி வந்து நிறுத்தினார்.

"கண்ணாடியில தெரியுதே, அந்தக் கை யாரோடது?"

அவள் பார்த்தாள். "என்னோடது" என்றாள்.

டாக்டர் கண்ணாடியை விலக்கினார். "இப்போ மடியைப் பாருங்க. இது?"

"இது அக்காவோடது" என்றாள், கேட்கவே வேண்டாத கேள்வி என்பதுபோல.

பிறகு அவரை மட்டும் பக்கத்து அறைக்குக் கூப்பிட்டு டாக்டர் விளக்கினார். இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை மறந்திருக்கிறது. கண்ணால் பார்க்கிற கைக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும், மனசு தனக்குத் தெரிந்த, இடது பக்கத்தில் எப்போதும் இருந்த ஆளைப் பிடித்துக்கொண்டது. பேயுமில்லை, பைத்தியமுமில்லை. தோளுக்குத் தாங்கு பட்டை, விரல்களுக்கும் காலுக்கும் ஒவ்வொரு பிடி, கண்ணாடிப் பயிற்சி, தினமும் தொட்டுத் தொட்டுச் சொல்லித் தருவது. முழுசாக வராவிட்டாலும் நிறையத் திரும்பி வரும், தாமதமாகிக்கொண்டே போனால் தோளும் விரல்களும் இறுகிப்போகும், அடுத்த தடவை விழுந்தால் இடுப்பு உடையும் என்றார். நீங்கள் வீட்டில் அந்தக் கையை என்னவென்று சொல்லுவீர்கள் என்றும் கேட்டார். லிஃப்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளதைச் சொன்னார்.

டாக்டர் கோபிக்கவில்லை. "இனிமே அந்த மரியாதை வேண்டாங்க. 'உன் கை'ன்னே சொல்லுங்க. இன்னொண்ணும் இப்பவே சொல்லிடறேன். கை தன்னோடதுன்னு அவங்களுக்குத் தெரியற அன்னைக்கு அக்கா போயிடுவாங்க. சாவு வீடு மாதிரிதான் இருக்கும். அன்னைக்கு நீங்க பக்கத்துல இருக்கணும்."

எந்த டாக்டரை இத்தனை நாள் நாயாக அலைந்து தேடினாரோ அவரைக் கண்டுபிடித்தாயிற்று. சந்தோஷப்பட வேண்டியதுதானே? லிஃப்ட்காரரால் முடியவில்லை. அந்த மனுஷியை இந்த வீட்டைவிட்டு ஒரு தடவை தூக்கிக்கொண்டு போனதே போதாதா, இரண்டாவது தடவை நான்தான் துரத்த வேண்டுமா என்று கேட்டுக்கொண்டார். மத்தியானத்தில் அவள் சிரிக்கிற சிரிப்பு காதில் விழுந்தது. கல்யாணமான புதிதில் சிரித்த சிரிப்பு அது. வேலை நெருக்கடி, லிஃப்ட் நின்றுவிட்டது என்று சாக்குச் சொல்லி அடுத்த முறை போகவில்லை. அதற்கடுத்த முறையும் போகவில்லை. அக்கா, கையைக் கொஞ்சம் குடுங்க என்று பழையபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் அவள் குளியலறையில் விழுந்தாள். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, நெற்றியில் மட்டும் கிழிந்திருந்தது. எப்படி விழுந்தாய் என்று கேட்டதற்கு, அக்கா சுவரைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், அவள் பிடிக்கவில்லை என்றாள். ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே லிஃப்ட்காரர் தீர்மானித்தார். செத்தவளுக்காக இருக்கிறவளை விட முடியாது.

"உன் கையைக் குடு" என்றார்.

அவள் கொடுக்கவில்லை. அக்காவை அவமானப்படுத்தறீங்க என்று அழுதாள், சாப்பாட்டைத் தள்ளிவிட்டாள், அவரோடு பேச்சை நிறுத்தினாள். அவர் விடவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே கண்ணாடி முன்னால், வீட்டில் அலமாரிக் கண்ணாடி முன்னால், இது உன் கை, இது உன் கை என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தது. டாக்டர் யோசனைப்படி திரைச்சீலைத் துணியை மேசையில் விரித்து, அந்தக் கையை அதன்மேல் பாரமாக வைத்து, வலது கையால் தைக்கச் சொன்னார். தைத்தாள். துணி நகர்ந்தால் அந்தக் கையைப் பார்த்து முறைத்தாள். கொஞ்ச நாளில் துணி நகராமல் இருந்தது. விரல்கள் லேசாக அழுத்த ஆரம்பித்திருந்தன. டாக்டருக்குப் பரம சந்தோஷம்.

ஆனால் வீட்டில், "அக்கா இப்பல்லாம் சரியா பேச மாட்டேங்குறா" என்று ஒரு நாள் வருத்தமாகச் சொன்னாள். உங்க மேல கோபமோ என்னவோ என்றாள். லிஃப்ட்காரர் சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றார். காதைத் தீட்டிப் பார்த்தார். அந்த இடைவெளிகூட இப்போது இல்லை. குற்றம் செய்தவர்போல உணர்ந்தார், அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அது ஒரு சாதாரண மத்தியானம். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து துணிக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எதிரே உட்கார்ந்து ஒரு பழைய பூட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். அவள் தைப்பதை நிறுத்திவிட்டு மடியைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். தீக்காயத்தின் தழும்பை விரலால் தொட்டாள்.

"இது என்னோடது போல இருக்கே" என்றாள்.

அவர் பூட்டைக் கீழே வைத்தார். ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் கால் எழவில்லை. அவள் மெல்லத் தலையைத் திருப்பினாள். இத்தனை மாதமாகத் திரும்பாத இடது பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே சுவரும் ஒரு காலி நாற்காலியும் இருந்தன.

"அப்போ அக்கா?"

"போயிட்டாங்கம்மா."

"எப்போ?"

வருஷக் கணக்குச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "இப்பதான்" என்றார்.

டாக்டர் சொன்னது சரியாக இருந்தது. சாவு வீடுதான். அவள் அழுத அழுகை மாடிப்படி வரைக்கும் கேட்டது. கீழ் வீட்டு அம்மாள்கூட வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனாள். பேசாமலேயே போயிட்டாளே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அவரைக் கேட்டாள். அவர் பக்கத்தில் இருந்தார். அது ஒன்றுதான் அவரால் முடிந்தது. அழுது ஓய்ந்த பிறகு நாட்கள் மெதுவாக நகர்ந்தன. அவள் சாப்பிட்டாள். கடையைத் திறக்கலாமா என்று கேட்டாள். தானாகவே கையை எடுத்துப் பட்டைக்குள் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டாள். ஊரும் உறவும் வந்து பார்த்து, லிஃப்ட்காரர் சாதித்துவிட்டார் என்றார்கள்.

ஒரு காலை, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அவசரத்தில், அவள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் அவளுக்கு இடது பக்கமாகத் தரையில் குந்தி, காலுக்கு வைத்த பிடியின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வாரின் ஓட்டை பொருந்தாமல் படுத்தியது. குனிந்த தலையோடு என்னவோ முனகிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒரு கை மெதுவாக வந்து அவர் தோளில் விழுந்தது. கனமாக, வெதுவெதுப்பாக. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிச் சட்டையைப் பிடித்தன.

"அக்கா" என்று கத்திக்கொண்டு அவர் துள்ளி விலகினார். சுவரில் போய் முதுகு இடித்தது.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் தன்னை எது பிடித்திருந்ததோ அது இப்போது எங்கே இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கோபப்படவில்லை. அந்தக் கையை, கஷ்டப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கம் நீட்டினாள்.

"பயப்படாதீங்க" என்றாள். "என் கைதான்."